பொன்முகலி சேரும் கடலும் ஆழ்நீர் வழியும்

திருப்பதியிலிருந்து காளத்திக்குச் செல்லும் அன்பர்கள் யாவரும் அத்திருக்கோயிலை அடுத்து ஓடும் ஆற்றைக் கண்டிருப்பர். தெலுங்கில் சுவர்ணமுகி எனவும் தமிழில் பொன்முகலி எனவும் வழங்கும் இவ்வாறு, கண்ணப்பர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் பெருமானால் தமிழர் நெஞ்சில் என்றோ குடிகொண்டுவிட்ட ஆறாகும். ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியில் அதில் காண்பது நீரன்று, மணலே. சென்ற முறை நம் குடியிருப்பினர் சிலர் குடும்பத்துடன் காளத்திக்குச் சென்றிருந்தபோது, உடன் வந்த சிறுவன் ஒருவன் பாலத்தின் மேல் நின்று, "இந்த ஆறு எங்கே போய்ச் சேருகிறது? அங்கே கப்பல் வருமா?" என்று கேட்டான். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விடை சொல்வார் இல்லை. பல்லாண்டுகளாக இவ்வாற்றங்கரையில் வாழும் நாம், அது சேரும் இடத்தை அறியாதிருப்பது நாணத்தக்கதே அன்றோ? அச்சிறுவனுக்கு அன்று சொல்லத் தவறிய விடையை இம்மலரின் வாயிலாகச் சொல்ல முற்படுகிறேன்.

நம் ஆறுகள் செல்லும் இடங்கள்

சித்தூரும் திருப்பதியும் மலைசூழ்ந்த ஊர்கள். ஆதலின் கடலுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்றே எண்ணிப் பழகிவிட்டோம். உண்மை அதுவன்று. இப்பகுதியில் பெய்யும் மழை பல வழிகளில் பிரிந்து வங்கக் கடலை அடைகிறது. சித்தூர் நகரை ஒட்டிச் செல்லும் நீவா ஆறு பொன்னை எனப் பெயர் பெற்றுப் பாலாற்றில் கலந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடல் சேர்கிறது. நகரி ஆறு கொசத்தலை ஆற்றோடு கூடி எண்ணூர்க் கழிமுகத்தை அடைகிறது. ஆரணி ஆறு பழவேற்காட்டை நாடுகிறது. காளங்கி ஆறு சூலூர்ப்பேட்டையைக் கடந்து பழவேற்காட்டு ஏரியில் புகுகிறது. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் தோன்றும் பொன்முகலி, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நடந்து, காளத்தியையும் நாயுடுபேட்டையையும் கடந்து, துகராஜபட்டினத்துக்கு அணித்தே வங்கக் கடலில் கலக்கிறது.

சிறுவனின் முதல் வினாவுக்கு விடை இதுவே. இரண்டாம் வினாவுக்கு விடையளிக்கச் சற்று விரிவாகப் பேசவேண்டும். கப்பல் ஓர் ஆற்றுமுகத்துக்கு வரவேண்டுமாயின் அங்கு நீர் இருந்தால் மட்டும் போதாது. ஆழம் இருத்தல் வேண்டும். அவ்வாழமும் கடலிலிருந்து கரைவரை இடையறாது தொடர்தல் வேண்டும். இடையில் ஒரு மணல்மேடு இருப்பினும் கப்பலின் அடி தட்டிவிடும். இவ்வாறு தொடர்ந்து அமைந்த ஆழ்நீர்ப் பாதையே கப்பல் வழியாகும். துறைமுகத்தின் உயிர் அதன் கரையில் இல்லை, இவ்வழியில்தான் உள்ளது.

புகாரும் கொற்கையும்

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 'புகார்' என்னும் சொல்லே ஆறு கடலிற் புகும் இடத்தைக் குறிப்பது. காவிரி முகத்தில் அமைந்த அந்நகரைப் பற்றிய புறநானூற்றுச் செய்தி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. பெருங்கலம் ஒன்று, மேலே கட்டிய பாயைக் களையாமலும், ஏற்றிய பாரத்தைக் குறைக்காமலும் ஆற்றுமுகத்துள் நுழைந்ததாக அந்நூலின் முப்பதாம் பாட்டு கூறுகிறது. கடல்வழி அறிந்த எவரும் இச்செய்தியின் பொருளை உடனே உணர்வர். ஆழம் குறைந்த துறையில் கப்பல் வெளியிலேயே நின்று, சரக்கில் ஒரு பகுதியைப் படகுகளுக்கு இறக்கி, இலேசாகிய பின்னரே உள்ளே வர இயலும். முழுப் பாரத்துடன் கலம் உள்ளே வந்தது என்றால், காவிரியின் முகம் அந்நாளில் அத்துணை ஆழமாக இருந்தது என்பதே பொருள். புலவர் வியந்தது கலத்தின் பெருமையை மட்டுமன்று; துறையின் ஆழத்தையுமாகும்.

அவ்வாழம் நிலைக்கவில்லை. 1960களில் தொல்லியல் துறையினர் பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்தபோது, படகுகளைக் கட்டுதற்குரிய மரத்தூண்களுடன் கூடிய செங்கல் படகுத்துறை ஒன்றைக் கண்டனர். ஒருகாலத்தில் நீரோடிய இடம் இன்று நிலமாக இருக்கிறது. தாமிரபரணி முகத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கைக்கும் அதே கதி நேர்ந்தது. ஆறு கொணர்ந்த வண்டல் கரையைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போயிற்று. கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. வாணிகம் காயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நாட்டு மார்க்கோ போலோ கண்டு எழுதியது அக்காயலையே. பின்னர் அதுவும் தூர்ந்தது, தூத்துக்குடி எழுந்தது. கால்டுவெல் ஐயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொற்கையிலும் காயலிலும் ஆராய்ந்து இவ்வரலாற்றை உலகுக்கு எடுத்துரைத்தார். ஆறே துறைமுகத்தை ஆக்கியது. அவ்வாறே அதனை அழித்தும்விட்டது.

ஆறுமுகம் என்னும் துறை

இனி நம் பொன்முகலியின் முகத்துக்கு வருவோம். துகராஜபட்டினத்துக்கு எதிரே கடலில் நீண்டதொரு மணல்திட்டு உண்டு. அத்திட்டுக்கும் கரைக்கும் இடையே இயற்கையாகவே ஆழ்ந்த நீர் அமைந்துள்ளது. வெளிக்கடலின் அலைவேகத்தைத் திட்டு தாங்கிக்கொள்வதால் உள்ளே நிற்கும் கப்பலுக்கு ஒதுங்கிடம் கிடைக்கும். ஆங்கில மாலுமிகள் அதனைப் 'பிளாக்வுட் துறை' என்றும், திட்டினை 'ஆர்மகான் திட்டு' என்றும் தம் கடற்படங்களில் குறித்தனர். சோழமண்டலக் கரையில் இயற்கை ஒதுங்கிடங்கள் அரியவை. அவற்றுள் ஒன்று நம் ஆற்றின் வாயிலுக்கு அருகில் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

'ஆர்மகான்' என்பது என்ன பெயர்? அது 'ஆறுமுகம்' என்பதன் திரிபு என்பது வழக்கு. மசூலிப்பட்டினத்தில் இடர்ப்பட்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1626ஆம் ஆண்டில் இங்கு வந்து பண்டசாலை அமைத்தபோது, ஆறுமுக முதலியார் என்னும் உள்ளூர்ப் பெரியவர் அவர்களுக்குத் துணைநின்றதாகவும், நன்றிக்கடனாக அவர் பெயரையே இடத்துக்கு இட்டதாகவும் கூறுவர். அவர்கள் இந்நாட்டில் அரணமைத்துப் பீரங்கி வைத்த முதல் இடங்களுள் இதுவும் ஒன்று. தமிழர் ஒருவர் பெயர் ஆங்கிலேயர் நாவில் உருமாறி, ஒரு மணல்திட்டின் பெயராகக் கடற்படத்தில் நிலைத்துவிட்டது.

ஆயினும் ஆர்மகான் நீடிக்கவில்லை. தெற்கே பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 'கெல்திரியா' என்னும் கோட்டையைக் கட்டி வாணிகத்தைத் தம் கையில் வைத்திருந்தனர். ஆர்மகானைச் சுற்றி வேண்டிய அளவு நல்ல துணி கிடைக்கவில்லை. உள்ளூர்த் தலைவருடனும் இணக்கம் இல்லை. அப்பண்டசாலைக்குப் பொறுப்பாயிருந்த பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிச் சென்று மதராசப்பட்டினத்தைக் கண்டார். தாமர்லா வேங்கடாத்திரி நாயக்கர் 1639 ஆகஸ்டில் அவ்விடத்தை அவர்களுக்கு அளித்தார். அந்நாயக்கர், அந்நாளில் சந்திரகிரியில் அரசிருக்கை கொண்டிருந்த விசயநகர மன்னருக்கு உட்பட்டவர். 1640இல் ஆங்கிலேயர் ஆர்மகானை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தனர்.

அன்பர்கள் இங்குச் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள சந்திரகிரியின் ஆட்சி எல்லைக்குள், பொன்முகலி முகத்தின் அருகிலிருந்து புறப்பட்டவர்களாலேயே சென்னைப் பட்டினம் உருவாயிற்று. நல்ல ஒதுங்கிடத்தை விட்டு, ஒதுங்கிடமே இல்லாத திறந்த கடற்கரைக்கு அவர்கள் சென்றது வியப்பன்றோ? ஆழம் மட்டும் இருந்தால் துறைமுகம் ஆகிவிடாது. பின்னே நெசவாளரும் வணிகரும் நிறைந்த நாடும் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

மணலோடு போர்

ஆழமில்லாத கரையைத் தேர்ந்தெடுத்த விலையைச் சென்னை நெடுங்காலம் செலுத்தியது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலையைக் கடந்து சென்று மக்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. படகு கவிழ்ந்து மாண்டவர் பலர். 1876இல் துறைமுகம் கட்டத் தொடங்கினர்; 1881 நவம்பரில் எழுந்த புயல் அதனைச் சிதைத்தது; மீண்டும் கட்டி 1896இல் முடித்தனர். அதன்பின் வேறொரு பகை தோன்றியது. அதுவே மணல்.

நம் கீழைக்கரையில் அலைகள் கரையைச் சாய்வாக வந்து தாக்குகின்றன. தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. கடலுக்குள் ஒரு சுவர் எழுப்பினால் அந்த மணலோட்டம் தடைப்படும். சுவரின் தெற்கே மணல் குவியும். வடக்கே கரை அரிபடும். சென்னைத் துறைமுகச் சுவரின் தெற்கே குவிந்த மணலே மெரினாவின் பரந்த வெளி. நாம் உறவினர் வீடுகளுக்குச் செல்லும்போது பிள்ளைகளுடன் உலவி மகிழும் அம்மணற்பரப்பு, ஒரு துறைமுகத்தால் விளைந்தது. அதன் மறுபக்கமாகிய இராயபுரத்தில் கடல் வீடுகளை விழுங்கிற்று. ஓரிடத்து ஆக்கம் மற்றோரிடத்து அழிவாயிற்று. கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயிலும் மணலால் தூர்ந்தமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறந்தனர்.

ஆற்றுமுகத்திலோ இப்பகை இரட்டிப்பாகும். கடல் ஒருபுறம் மணலைக் குவிக்க, ஆறு மறுபுறம் வண்டலைக் கொணர்கிறது. வெள்ளம் வலிதாயின் மணற்கரையை உடைத்துத் தானே வழி திறந்துகொள்ளும். வெள்ளம் குன்றினால் வாயில் மூடிக்கொள்ளும். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் பொன்முகலி கரைபுரண்டு ஓடியதைத் திருப்பதி மக்கள் கண்டனர். ஆயின் அத்தகைய வெள்ளம் என்றோ ஒருநாள் வருவது. மற்றைய நாளெல்லாம் மணலின் ஆட்சியே. அணையும் ஏரியும் மேலே நீரைத் தேக்க, கீழே முகத்தை அரித்துத் திறக்கும் ஆற்றல் ஆற்றுக்கு இல்லாது போகிறது. பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் தூர்வதும், ஏரிக்கும் கடலுக்கும் இடையே படகு செல்ல இயலாமல் மீனவர் வருந்துவதும், நிலையான வாயில் வேண்டுமென்று அவர்கள் ஆண்டாண்டுகளாக முறையிட்டு வந்ததும் இதனால்தான்.

உலகம் கண்ட வழிகள்

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. நருமதை முகத்திலிருந்த பரிகச்சத் துறைமுகத்தில், உள்ளூர் மீனவரே படகுகளுடன் எதிர்சென்று அயல்நாட்டுக் கப்பல்களுக்கு வழிகாட்டி அழைத்துவந்தனர் என்று 'பெரிபுளூசு' என்னும் பண்டைக் கிரேக்க நூல் கூறுகிறது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் முகம் தூர்ந்தபோது, ஈட்சு என்னும் பொறியாளர் இருபுறமும் கரைகள் அமைத்து நீரோட்டத்தை ஒடுக்கினார். ஒடுங்கிய நீர் விரைந்தோடித் தன் வழியைத் தானே அரித்து ஆழமாக்கிற்று. 1879இல் அவ்வேலை வெற்றிபெற்றது. நம் நாட்டில் ஊக்ளி ஆறு தூர்ந்து கல்கத்தாத் துறைமுகம் நலிந்தபோது, கங்கை நீரைத் திருப்பி அவ்வாற்றைக் கழுவும் பொருட்டுப் பராக்கா அணை 1975இல் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னும் தூர்வாரும் கப்பல்களுக்கு அங்கு ஓய்வில்லை.

நமக்கு அணித்தாக உள்ள நற்சான்று கிருஷ்ணபட்டினம். நெல்லூரின் தென்கிழக்கே கண்டலேற்றின் உப்பங்கழி கடலோடு கூடும் இடத்தில் அத்துறை அமைந்துள்ளது. கண்டலேறு என்னும் பெயர் சென்னைவாழ் நம் உறவினருக்கும் புதிதன்று. 1996 முதல் கிருட்டிணை நீர் அப்பெயர்கொண்ட நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய் வழியே பூண்டிக்கு வருகிறது. அவ்வாற்றின் முகத்தில் நெடுங்காலம் சிறு தோணிகளே ஒதுங்கின. வடக்கிலும் தெற்கிலும் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பி, கடலடியைத் தோண்டி ஆழ்நீர் வழி அமைத்த பின்னர், 2008இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. நீருக்கடியில் 18 மீட்டர் வரை மூழ்கும் பெருங்கப்பல்களும் அங்கு வர இயலும். அஃதாவது ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் உயரத்துக்குக் கப்பலின் உடல் நீரினுள் இருக்கும். வேலிகொண்டா மலையை ஆறரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கத்தால் குடைந்து, ஒபுலவாரிப்பள்ளியிலிருந்து அத்துறைமுகப் பக்கம் செல்லும் இருப்புப்பாதையும் 2019இல் திறக்கப்பட்டது. ஆழ்நீர் வழி ஒன்று அமைந்தால் மலையும் வழிவிடுகிறது.

ஆயின் அவ்வழி ஒருமுறை தோண்டி முடித்ததன்று. ஒவ்வொரு பருவமும் மணலைக் கொணர்கிறது; ஒவ்வொரு பருவமும் அதனை வாரவேண்டும். ஓராண்டு கைவிட்டால் மணல் ஓரடி முன்னேறும். நெடுங்காலம் கைவிட்டால் கிருஷ்ணபட்டினமும் மற்றொரு கொற்கையாகும்.

எழுதப்பெற்ற வாக்குறுதி

பொன்முகலி முகத்தின் கதை இத்துடன் முடியவில்லை. 2014ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசம் பிரிக்கப்பட்டபோது, துகராஜபட்டினத்தில் நடுவணரசு பெருந்துறைமுகம் அமைக்கும் என்றும், அதன் முதற் பகுதி 2018இன் இறுதிக்குள் முடியும் என்றும் பிரிவினைச் சட்டத்திலேயே எழுதப்பெற்றது. அக்காலம் வந்தது, சென்றது, துறைமுகம் எழவில்லை. பக்கத்தில் பழவேற்காட்டு ஏரியும் அதனை நாடிவரும் பூநாரைகளும் உள்ளன. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் தொலைவில் இல்லை. வடக்கே கிருஷ்ணபட்டினமும் தெற்கே எண்ணூரும் முன்பே இயங்கிவர, இடையில் மற்றொன்று பயன்தருமா என்னும் ஐயமும் எழுந்தது. மாநில அரசு வடக்கே இராமாயப்பட்டினத்தை நாடியது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது, துகராஜபட்டினக் கடற்கரை அதனுள் வந்தது. மலையூராகிய திருப்பதி கடலும் உடைய மாவட்டத்தின் தலைநகராயிற்று!

துறைமுகம் வந்திருந்தால் நன்மையா, தீமையா? வேலையும் வாணிகமும் பெருகியிருக்கும் என்பது ஒருபுறம். நம் சித்தூர்ப் பகுதி மாம்பழக் கூழ் கடல்கடந்து செல்கிறது. அதற்கு அண்மையில் ஒரு துறை அமைவது உழவர்க்கு உதவியே. மறுபுறம், தோண்டிய வழியும் எழுப்பிய சுவரும் அண்டைக் கரைகளை அரிக்கும் என்பதற்கு இராயபுரமே சான்று. ஏரியை நம்பி வாழும் தமிழ், தெலுங்கு மீனவர் குடும்பங்கள் என்னாகும் என்பதையும் எண்ணவேண்டும். ஆழ்நீர் வழி யாருக்கு வாழ்வு தருகிறது, யாருடைய கரையை எடுத்துக்கொள்கிறது என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே கேட்பதே அறிவுடைமை.

ஆகவே, காளத்திப் பாலத்தில் நின்று கேட்ட சிறுவனுக்கு இவ்வாறு விடை சொல்லலாம்: "தம்பி, இந்த ஆறு துகராஜபட்டினத்துக்கு அருகில் கடலைச் சேருகிறது. அங்கே நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பல்கள் வந்து ஒதுங்கின. இன்று பெருங்கப்பல்கள் அங்குக் கரையணைவதில்லை. கடலில் ஆழம் இருக்கிறது. ஆற்றின் வாயிலோ மணல் மூடிக்கிடக்கிறது."

நம் நிலையும் இதனோடு ஒத்ததே. பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் தெலுங்கு நாட்டில் குடியேறினோம். இம்மண் நம்மை அன்புடன் ஏற்றது. இதன் மொழியையும் நம் பிள்ளைகள் நன்கு கற்கின்றனர். அது மகிழ்ச்சிக்குரியது. ஆயின் வீட்டில் தமிழ் பேசுவோர் பலர் இருப்பினும், தமிழ் எழுத்தைப் படிக்கும் பிள்ளைகள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். பேச்சாகிய நீர் இருக்கிறது. எழுத்தாகிய வாயில் தூர்ந்து வருகிறது. வாயில் அடைபட்டால் முன்னோர் ஏற்றிவைத்த பெருங்கலங்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்குமேயன்றி, நம் இல்லத்துள் வாரா. ஆண்டுவிழா ஒருநாள் வெள்ளம். அது மட்டும் வழியைத் திறந்துவைக்காது. நாள்தோறும் ஒரு பக்கமேனும் பிள்ளையைப் படிக்கச் செய்வதே தூர்வாரும் வேலை. அவ்வேலையை நாம் செய்வோமாயின், புகாரில் பாய் களையாது புகுந்த கலம்போலத் தமிழ்ச் செல்வம் முழுப் பாரத்துடன் நம் மனைகளுள் புகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!